தீவுக்கு ஆள் எடுக்கிறார்கள்

சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டில் காலை ஆறரை மணிக்கு டீ குடிக்கிறவர்களில் பாதிப் பேர் அப்போதுதான் எழுந்தவர்கள், மீதிப் பேர் இனிமேல்தான் தூங்கப் போகிறவர்கள். இரண்டாவது வகையைச் சேர்ந்த ஒரு தம்பி, கழுத்தில் ஐ.டி. கார்டு கயிறு தொங்க, போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். நீலக் கடல், வெள்ளை மணல், சாய்ந்த தென்னை. அதில் கட்டிய ஊஞ்சலில் ஒரு வெள்ளைக்காரர் காலாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இங்க இருக்கிற எல்லாத்தையும் தலை முழுகிட்டு இப்படி ஒரு தீவுல போய் உட்கார்ந்துடலாமான்னு இருக்கு. நல்லது கெட்டது நீங்க பார்த்துச் சொல்லுங்க."

ஒரகடத்தில் கார்க் கதவுக்கு போல்ட் முடுக்குகிறவன். ஐ.டி.ஐ. படித்தவன். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து மூன்றரை வருஷம் ஆகிறது, இன்னும் டெம்பரவரி. "இங்க இருக்கிற எல்லாத்தையும்" என்று அவன் சொன்னது பத்துக்குப் பத்து அறையில் ஆறில் ஒரு பங்கு, ஒரு பிளாஸ்டிக் வாளி, தவணை முடியாத அந்தப் போன். பட்டினத்தாருக்குக்கூடத் துறப்பது இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

எழுதக் காகிதம் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து சம்பளச் சீட்டை எடுத்துக் கொடுத்தான். முன்பக்கம் முழுக்கப் பிடித்தம்; பின்பக்கம் வெள்ளை. நடுவில் கோடு கிழித்தேன். இந்தப் பக்கம் நல்லது, அந்தப் பக்கம் கெட்டது.

கெட்டதிலிருந்து ஆரம்பித்தேன். தீவு என்ற சொல் சுற்றுலாக்காரர்கள் கையில் சிக்குவதற்கு முன்னால் நம் ஊரில் ஜட்ஜுகள் வாயில் இருந்தது. தீவாந்திர சிட்சை. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் 1908இல் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி. அவர்களோடு நின்றார். அதே வருஷம் ராஜத்துரோக வழக்கில் அவருக்குத் தீவாந்திரம் விதித்தார்கள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. மனிதர் அந்தமான் கப்பல் ஏறவும் இல்லை. கோவை ஜெயிலில் செக்கிழுத்தார், கண்ணூர் ஜெயிலில் மீதியைக் கழித்தார். தீவுத் தண்டனையைத் தரையிலேயே அனுபவிக்க வைக்கலாம் என்ற வித்தையை வெள்ளைக்காரன் அன்றே செய்து காட்டிவிட்டான். சுதந்திர இந்தியா 1955இல் இந்தத் தண்டனையைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டது. நியாயம்தான். ஜட்ஜு இல்லாமலே கொடுக்கலாம் என்று ஆனபிறகு புத்தகத்தில் எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு?

"அது ஜெயிலுக்குப் போனவங்க கதைண்ணே. நான் வேலைக்குப் போறேன்" என்றான்.

வேலைக்குப் போனவர்கள் கதையும் நம்மிடம் இருக்கிறது. மொரிஷியஸ், ரீயூனியன், பிஜி, பினாங்கு, இலங்கை. எல்லாம் வெப்பமண்டலத் தீவுகள்தான். எல்லாவற்றிலும் தென்னை உண்டு, கடற்காற்று உண்டு. ஊஞ்சல் மட்டும் நம் ஆட்களுக்கு ஒதுக்கப்படவில்லை. பிஜிக்கு 1879 முதல் 1916 வரை கப்பல் கப்பலாக ஆள் ஏற்றினார்கள். அங்கே கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட பாட்டை பாரதி எழுதினார். நாம் அதை மெட்டுப் போட்டுப் பாடி, கைதட்டி, பரிசுக் கோப்பை கொடுத்துவிட்டோம்.

இலங்கைக்குக் கூட்டிப்போனவர் கங்காணி. ஊரிலிருந்து ஆள் பிடித்துத் தருவார், வழிச்செலவுக்கு முன்பணம் தருவார், தோட்டத்தில் இறங்கும்போது கூலியாளின் தலையில் கடன் ஏறியிருக்கும். அந்தக் கடனை எழுதிய காகிதத்துக்குத் துண்டு என்று பெயர். தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், புதுத் துரை அந்தத் துண்டில் இருக்கிற தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும். மனுஷன் விலை காகிதத்திலேயே இருந்தது, பேரம் பேசுகிற சிரமம் இல்லை. 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். பிறகு 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து அந்த மக்களைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த அப்புறம் வர மேலும் பத்து வருஷம் ஆனது. தீவுக்குப் போனவன் திரும்பி வருகிற விதம் இது. டிக்கெட்டை அவன் எடுப்பதில்லை.

கங்காணி செத்துவிட்டான் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரகடம் வந்து பார்த்தால் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பொலிரோவில் இறங்குகிறான். இப்போது அவனுக்கு மேன்பவர் சப்ளை என்று பெயர். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நம் தெற்கு, வடக்கு மாவட்டங்களிலிருந்தும் ஆள் பிடிக்கிறான். தங்குமிடம் இலவசம், சாப்பாடு இலவசம், பஸ் இலவசம் என்று காம்பவுண்டு சுவர்களில் ஒட்டுகிறான். இவ்வளவு இலவசமும் எங்கே போய் ஒளிகின்றன என்று தெரிய வேண்டுமானால் சம்பளச் சீட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

"அப்ப நல்லதே கிடையாதாண்ணே?"

ஏன் கிடையாது? பணத்துக்கு நல்லது. பணம் மாதிரி தீவில் சுகமாக வாழ்ந்த ஜீவன் வேறு இல்லை. மொரிஷியசோடு 1982இல் இந்தியா ஒரு வரி ஒப்பந்தம் போட்டது. ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடும் வரி போடக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். எந்த நாட்டிலுமே கட்டாமல் தப்பிக்க அது வழியாக அமைந்தது. பிறகு இந்தியாவில் முதலீடு செய்யும் ஆசை மொரிஷியஸ்காரர்களுக்குப் பொங்கிப் பொங்கி வந்தது. சென்னை மாநகராட்சியின் ஜனத்தொகையில் கால்வாசிகூட இல்லாத அந்தத் தீவு, இந்தியாவுக்கு வந்த அந்நிய முதலீட்டில் வருஷக்கணக்கில் முதலிடத்தில் நின்றது. மொரிஷியசுக்குப் போன தமிழன் கரும்பை வெட்டினான். போன பணம் வரியை வெட்டியது. 2016இல்தான் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள், அதற்குள் முப்பத்து நான்கு வருஷம். தம்பியின் மாதச் சம்பளத்தில் பிடிக்க வேண்டியதைப் பிடிக்க முப்பத்து நான்கு மணி நேரம்கூட ஆவதில்லை.

சாமியார்களுக்கும் நல்லதுதான். நம் திருவண்ணாமலைக்காரர் நித்தியானந்தா, இங்கே வழக்குகள் காத்திருக்க, நாட்டை விட்டுப் போனார். 2019இல் கைலாசா என்ற நாடு முளைத்தது. ஈக்வடார் பக்கத்தில் தீவு வாங்கிவிட்டார் என்று செய்தி பறந்தது. ஈக்வடார் அரசு அதெல்லாம் இல்லை என்று மறுத்தது. அதனால் என்ன? அடுத்த வருஷமே கைலாசாவுக்கு ரிசர்வ் வங்கி வந்தது, தங்கக் காசு வந்தது, மூன்று நாள் விசாவும் வந்தது. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் நெவார்க் நகராட்சி அதனோடு சகோதர நகர ஒப்பந்தம் போட்டு, கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் அப்படி ஒரு நாடு உண்டா என்று விசாரித்து ரத்து செய்தது. (நம் ஊரில் பட்டா காட்டாமல் ஒரு பிளாட் விற்க முடியுமா? விற்கிறார்கள், அது வேறு கதை.) இல்லாத நாட்டுக்கு விசா கிடைக்கிறது. மூன்றரை வருஷமாக இருக்கிற ஊரில் தம்பியின் பெயரில் ஒரு கேஸ் இணைப்பு கிடைக்கவில்லை.

அரசியல்வாதிகளுக்கும் தீவு நல்லது. கச்சத்தீவு 285 ஏக்கர். குடிதண்ணீர் கிடையாது, குடியிருப்பவர் கிடையாது. 1974இல் கைவிட்டுப் போனதிலிருந்து தேர்தல் வரும்போதெல்லாம் மீட்டுக்கொண்டிருக்கிறோம். ஐம்பது வருஷமாக ஓட்டு விளைகிற 285 ஏக்கர் தமிழ்நாட்டில் வேறெங்கும் இல்லை. விளைந்த இடமெல்லாம் சிப்காட்டுக்குப் போய்விட்டது.

இவ்வளவு எழுதியும் தம்பிக்கென்று நல்லது பக்கத்தில் ஒன்றும் தேறவில்லை. அவன் போனை அணைத்துப் பையில் போட்டான். "போகவே வேணாம்னு சொல்றீங்களா?" என்றான்.

நீ எங்கே போக வேண்டும், தம்பி? 2005ஆம் வருஷத்துச் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம், 53ஆம் பிரிவைப் படித்துப் பார். மண்டலம் என்று அறிவித்த இடம், அனுமதி பெற்ற தொழில்களைப் பொறுத்தவரை, இந்தியாவின் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கருதப்படும். ஊர்ப் பெயரில் சுங்கம் மாதிரி என்னவோ ஒலிக்கிறது. சுங்க எல்லை என்னவோ காம்பவுண்டுச் சுவரோடு முடிகிறது. நாலு பக்கமும் கடல் இருந்தால்தான் தீவு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததை மறந்துவிடு. நாலு பக்கமும் சுவரும் மேலே கம்பிச் சுருளும் போதும். தொழிலாளர் சட்டம் மண்டலத்துக்குள்ளும் செல்லும் என்று வக்கீல்கள் சொல்வார்கள். செல்லும். ஐ.டி. கார்டு இல்லாததால் கேட்டில் செக்யூரிட்டி நிறுத்திவிடுகிறார், அவ்வளவுதான்.

இந்தத் தீவில் சாப்பாடு எப்படி? 2021 டிசம்பரில் இதே சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்கிற பெண்கள் விடுதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கூட இருந்தவர்கள் எங்கே, உயிரோடு இருக்கிறார்களா என்று மற்றப் பெண்கள் கேட்டார்கள். தீவில் பதில் சொல்ல ஆளில்லை. அதனால் கரையேறினார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், மார்கழிப் பனியில், ராத்திரியில் உட்கார்ந்தார்கள். லாரிகள் மைல் கணக்கில் நின்றன. அப்போதுதான் நாட்டின் கண்ணில் அவர்கள் பட்டார்கள். அதுவும் டிராபிக் ஜாமாக. போலீஸ் வந்தது, வேன் வந்தது. விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் சரியில்லை என்று கடைசியில் சொன்னது யார்? கலிபோர்னியாவிலிருந்து ஆப்பிள். இங்கே சுகாதார ஆய்வாளர் உண்டு, தொழிற்சாலை ஆய்வாளர் உண்டு, தாசில்தார் உண்டு, கலெக்டர் உண்டு. சோற்றில் புழு இருக்கிறதா என்று பார்க்க ஏழு கடல் தாண்டி ஆள் வர வேண்டியிருந்தது. வெட்கப்பட வேண்டியவர்கள் இன்னொரு புரிந்துணர்வு ஒப்பந்தத்துக்குப் பொன்னாடையோடு நின்றார்கள்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. வல்லம் வடகாலில் ரூ.706.50 கோடியில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. கட்டடம் நன்றாக இருக்கிறது, குறை சொல்வதற்கில்லை. 18,720 கட்டில் போட முடிந்த கையால் வேலைக்கு வருகிற குடும்பங்களுக்கு 1,000 வீடு கட்ட ஏன் தோன்றவில்லை என்றுதான் யோசிக்கிறேன். விடை அந்த வருஷம் ஜூன் மாத ராய்ட்டர்ஸ் செய்தியில் இருந்ததோ என்னவோ: ஐபோன் வேலைக்குக் கல்யாணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று அதில் வந்தது. கம்பெனி பாகுபாடே இல்லை என்றது. மத்திய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. தாலியின் உலோகம் வேலைக்கு இடைஞ்சல் என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டார்கள். தாலிக்குத் தங்கம் தருகிற திட்டமும் இந்த ஊரில்தான் இருந்தது.

இந்தத் தீவில் பேச்சு எப்படி? 1918இல் மெட்ராஸில் பி அண்டு சி மில் தொழிலாளிகள் தொடங்கிய சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். அதற்கு 106 வருஷம் கழித்து, அதே மாநிலத்தில், அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, சாம்சங் தொழிலாளிகள் எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்று 37 நாள் தெருவில் உட்கார்ந்தார்கள். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை. சங்கத்தின் பெயரில் சாம்சங் என்ற சொல் வரக்கூடாது என்று கம்பெனி ஆட்சேபித்தது. செய்கிற ஒவ்வொரு பிரிட்ஜிலும் வாஷிங் மெஷினிலும் அந்தப் பெயரை ஒட்டி அனுப்புவது அந்தத் தொழிலாளிகளின் கைதான். எச்சூரில் போட்டிருந்த பந்தலைப் போலீஸ் பிரித்தது. ராத்திரி வீடு தேடிப்போய்ப் பிடித்தது. அமைச்சர்கள் பேசினார்கள். சங்கம் கேட்டவர்களுக்கு ஏ.சி. பஸ் தருவதாக அறிவிப்பு வந்தது. தாகம் என்றவனுக்குத் துண்டு கொடுத்து முகம் துடைத்துக்கொள்ளச் சொன்ன கதை. கோர்ட்டுக்குப் போய், 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. 1926ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒரு ரப்பர் ஸ்டாம்பு அடிக்க இவ்வளவு ரகளை.

வேலை நேரம்? 2023 ஏப்ரல் 21இல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள். மே 1 அன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். மே தினப் பரிசாக, ஏற்கெனவே நம்மிடம் இருந்த எட்டு மணி நேரத்தை நமக்கே கொடுத்தார்கள். நாமும் பட்டாசு வெடித்தோம்.

கப்பல் எப்போது கிளம்பும் என்பதும் இந்தத் தீவில் தெரியாது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் வந்தது. ஒரு காலத்தில் எட்டாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். மாப்பிள்ளை நோக்கியாவில் என்றால் ஜாதகம்கூடக் கேட்காமல் பெண் கொடுத்தார்கள். 2014 நவம்பர் 1ஆம் தேதி மூடினார்கள். துரைமார் போட்டில் ஏறிவிட்டார்கள். கரையில் நின்றவர்களில் சிலர் இன்றைக்கு இதே கூட்டுரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்கள்.

"ஆனா அரசாங்கமே தீவுக்கு ஆள் எடுக்கப் போகுதாமே. நிக்கோபார்ல துறைமுகம் வருதுன்னு ஒரு வீடியோ பார்த்தேன்."

எடுக்கும். கிரேட் நிக்கோபார். ராஜேந்திர சோழன் கல்வெட்டில் மாநக்கவாரம் என்று பெயர் வருவதால் நமக்கு மார்பு கொஞ்சம் விரியும். ரூ.72,000 கோடி என்று திட்டம் போட்டார்கள். துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரம். 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி. 130 சதுர கிலோமீட்டர் காடு போகும். அரசுக் கணக்கிலேயே 9.64 லட்சம் மரம். அதற்கு ஈடாக மரம் நடுகிற இடம், கேட்டுக்கொள், ஹரியானா. இடுப்பில் அடிபட்டவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் முழங்காலில் கட்டுப் போட்ட கதை. இப்போது சுமார் 8,000 பேர் இருக்கிற தீவில் மூன்றரை லட்சம் பேரைக் குடியேற்றுவார்களாம். அங்கேயே இருக்கிற ஷோம்பென் மக்கள், 2011 கணக்கெடுப்பில் 229 பேர். அவர்களிடம் நல்லது கெட்டது பார்க்கக் காகிதம் யாரும் நீட்டவில்லை. நிக்கோபாரிப் பழங்குடி மன்றம் தான் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்தது. சம்மதக் கடிதத்துக்கு இருந்த மரியாதை மறுப்புக் கடிதத்துக்கு இல்லை. 2004 சுனாமியின்போது அந்தத் தீவின் தென்முனை நாலு மீட்டருக்கு மேல் கீழே இறங்கியது. நிலம் சொன்னதையே கேட்காதவர்கள் ஷோம்பென் சொன்னால் கேட்பார்களா?

ஏகனாபுரம் சொன்னால் கேட்கிறார்களா? இங்கிருந்து பைக்கில் போகிற தூரம். பரந்தூர் விமான நிலையத்துக்கு 13 கிராமங்களில் 5,000 ஏக்கருக்கு மேல் எடுக்கிறார்கள். ஏரியும் வாய்க்காலும் அதில் அடக்கம். 2022இலிருந்து ஏகனாபுரத்துக்காரர்கள் ராத்திரியில் கூடி உட்காருகிறார்கள், கிராம சபையில் வேண்டாம் என்று தீர்மானம் போட்டுத் தீர்மானம் போட்டுக் கை வலித்துவிட்டது. எதிர்க்கட்சியாக இருக்கிறவர் வந்து கண்ணீர் விடுகிறார்; ஆளும்கட்சி ஆனதும் கண் நன்றாகக் காய்ந்துவிடுகிறது. ஏரியை மூடி ஓடுதளம் போட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் எங்கே போகும்? ஊருக்குள் வரும். அப்போது நாலு பக்கமும் நிஜத் தண்ணீரோடு, பள்ளிக்கூடத்துப் பாடப்படியே, தீவாகிவிடுவோம். படகு மட்டும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நல்லது பக்கத்தில் கடைசியாக ஒன்று எழுதினேன்: பரந்தூர் வந்தால் தீவுக்குப் பக்கத்திலேயே விமானம் ஏறலாம். தம்பி எட்டிப் பார்த்துச் சிரித்தான். டீக்குக் காசு அவன்தான் கொடுத்தான், நான் கொடுத்தபோது வாங்கவில்லை. சாயந்திரம் ஐந்தே முக்காலுக்குத் திரும்பக் கம்பெனி பஸ். அதற்குள் அறைக்குப் போய்த் தூங்க வேண்டும்; பகல் ஷிப்டுக்காரன் கிளம்பினால்தான் பாய் காலியாகும்.

சீட்டை மடித்துக் கொடுப்பதற்கு முன்னால் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மேலே ஒரு மேன்பவர் சப்ளைக்காரரின் பெயர். கீழே தங்குமிடம், பஸ், கேன்டீன், யூனிபார்ம், அட்வான்ஸ் என்று வரிசையாகப் பிடித்தம். மூன்றரை வருஷமாக அவன் போல்ட் முடுக்குகிற கம்பெனியின் பெயர் அந்தச் சீட்டில் ஓரிடத்திலும் இல்லை.